அந்தப் பக்கத்தில் ஒருத்தி

கதவைத் தோளால் தள்ளித் திறந்ததும் சாவியக்கா நேரே சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விடுவார். பூட்டிக் கிடந்த வீட்டுக் குழாய் இரண்டு தரம் இருமிவிட்டுச் செங்காவி நிறத்தில் துப்பும். அது தெளிகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டு ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டே போவார். கொக்கி இறுகிக் கிடந்தால் காலில் கிடக்கும் செருப்பைக் கழற்றி அதன் குதியால் ஒரு தட்டு. கடைசியில் கூடத்துக்கு நடுவில் வந்து நின்று பலமாக ஒருமுறை கைதட்டுவார். வீடு பார்க்க வந்தவர்கள் திருதிருவென்று விழிப்பார்கள். "பல்லி, கரப்பான் ஏதாவது இருந்தா, ஆள் வந்தாச்சுன்னு தெரிஞ்சுக்கட்டும்" என்று விளக்கம் சொல்வார்.

அவருடைய கைப்பையில் சீப்பு இருக்கிறதோ இல்லையோ, கைக்குட்டையில் சுற்றிய பல்பு ஒன்று கட்டாயம் இருக்கும். காலி செய்து போகிறவர்கள் எதை மறந்தாலும் பல்பைக் கழற்ற மறப்பதில்லை என்பது அவர் கண்ட உண்மை. "இருட்டுல காட்டினா அரண்மனையும் குடோன்தான்" என்றபடி, எக்கி நின்று பல்பை மாட்டுவார். காட்டி முடித்ததும் அதைக் கழற்றி, ஊதிச் சூடு ஆற்றி, மறுபடியும் கைக்குட்டையில் சுற்றிக்கொள்வார்.

வீட்டுத் தரகு அலுவலகம் ஒன்றில் அவருக்கு வேலை. காலி வீடுகளைத் திறந்து காட்டிவிட்டுப் பூட்டிக்கொண்டு வர வேண்டும். இடுப்பில் தொங்கும் வளையத்தில் கிடக்கிற சாவிகளால் வந்த பெயர்தான் சாவியக்கா. அவரைவிட வயதில் மூத்த முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார். அப்படிக் கூப்பிடாவிட்டால் பதில் வராது என்று யாரோ அவரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

பொய் சொல்லி வீடு காட்டுகிற பழக்கம் அக்காவுக்கு இல்லை. "இந்த ரூம்ல வெயில் எட்டிக்கூடப் பாக்காது. துணி காயப் போட்டீங்கன்னா அடுத்த வாடகை குடுக்கற வரைக்கும் ஈரமாத்தான் இருக்கும்" என்பார். "குளியலறை கொஞ்சம் சின்னது. சோப்பைக் கெட்டியாப் புடிச்சுக்குங்க. கீழ விழுந்தா குனிஞ்சு எடுக்க முடியாது." முதலாளி தலையில் அடித்துக்கொள்வார். "அக்கா, நீங்க வீட்டைக் காட்டறீங்களா, காட்டிக் குடுக்கறீங்களா?" இருந்தும் அவர் அக்காவை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அக்கா காட்டிக் குடியேறியவர்கள் யாரும் பாதியில் சண்டை போட்டுக்கொண்டு வந்து முன்பணத்தைத் திருப்பிக் கேட்டதில்லை என்பதுதான் காரணம்.

சுவர்களைப் பார்த்தே முன்பு குடியிருந்தவர்களின் கதையைச் சொல்லிவிடுவார். தரையிலிருந்து முழ உயரத்தில் எண்ணெய்க் கறை இருந்தால், அங்கே கட்டிலில்லாமல் பாய் போட்டுப் படித்த பிள்ளை தலைசாய்த்திருக்கும். ஸ்விட்சைச் சுற்றி அழுக்கு வட்டமாகப் பரவியிருந்தால், அந்த வீட்டில் இருட்டில் தடவி விளக்குப் போடுகிற வயசாளி இருந்திருப்பார். கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். அக்கா கொட்ட மாட்டார். "வீடுன்னா என்னங்க? சுவர், கூரை, தண்ணி. மீதியெல்லாம் லாரியில ஏறிப் போயிடும். ஒரு கோட்டிங் பெயின்ட் அடிச்சா யாரு இருந்தாங்கன்னு சுவருக்கே மறந்துடும்." வருகிறவர்கள் எல்லோரிடமும் இதே வசனம்தான்.

இப்படிக் கறாராகப் பேசுகிற மனுஷி, ஒரே ஒரு வீட்டுச் சாவியை மட்டும் கைநீட்டி வாங்க மாட்டேன் என்று அடம் பிடித்தார். அது அவருடைய அம்மாவின் வீடு.

அம்மாவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் இது விளங்கும். வாயிலிருந்து ஒரு சொல் விழுந்துவிட்டால் அதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்கிற ரகம். நாத்தனாரிடம் ஏதோ கோபத்தில், "இனிமே உன் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டார். அந்த வீட்டில் கல்யாணம் வந்தது. அம்மா போனார், பட்டுப்புடவையோடு போனார், மொய்யும் வைத்தார், ஆனால் வாசலுக்கு வெளியே நாற்காலி போடச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார். "வாசப்படியத்தானே மிதிக்க மாட்டேன்னேன்" என்றார். சொன்ன சொல்லையும் விட மாட்டார், உறவையும் விட மாட்டார். நடுவில் எங்கேயாவது ஒரு சந்து கண்டுபிடித்து நுழைந்துவிடுவார்.

அம்மாவின் பக்தியும் அவரைப் போலத்தான். காலையில் குளித்துவிட்டுச் சமையலறையில் இருக்கிற சாமி அலமாரி முன்னால் நின்றார் என்றால், கும்பிடுகிறாரா வேலை ஏவுகிறாரா என்று சந்தேகமாக இருக்கும். "பெரியவனுக்கு மூச்சு வாங்குது, பாத்துக்கோ. நடுவுலவளுக்குக் கோபம் மூக்கு மேல நிக்குது, கொஞ்சம் எறக்கி வை. சின்னவன் வண்டிய பறக்க விடறான், நீதான் பின்னால உக்காந்து புடிச்சுக்கணும்." பிள்ளைகளை வயது வரிசையில் சொல்லுவார். வரிசை ஒரு நாளும் மாறாது. அந்த நடுவுலவள்தான் நம் சாவியக்கா. சின்ன வயதில் அரைத்தூக்கத்தில் படுத்துக்கொண்டு, தன் முறை வந்ததும் போர்வைக்குள் சிரிப்பாராம்.

அக்காவின் கணவர் அச்சகத்தில் மிஷின் ஓட்டியவர். மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பிள்ளை இல்லை. காரியமெல்லாம் முடிந்ததும், "பொட்டியக் கட்டிக்கிட்டு இங்க வந்துடு" என்றார் அம்மா. அக்கா மறுத்துவிட்டார். ஊரின் அந்தக் கோடியில், பாலத்தையும் மார்க்கெட்டையும் தாண்டி, ஒற்றை அறை பிடித்துக்கொண்டு இந்த வேலையிலும் சேர்ந்தார். தன் சோற்றைத் தானே சம்பாதித்துத் தின்றால்தான் துக்கம் தொண்டையில் இறங்கும் என்று அவருக்குத் தோன்றியது. அம்மாவுக்கு அது வேறு மாதிரிப் பட்டது.

"நான் உனக்கு ஒரு வாய் சோறு போட மாட்டேனா? ஊரான் வீட்டுக் கதவையெல்லாம் தொறந்து காட்டப் போறியே, என் வீட்டுக் கதவு உனக்குக் கசக்குதா?"

"அம்மா, அப்படியில்லம்மா."

"போ. இனிமே உன் பேரை என் வாயால சொல்ல மாட்டேன். பேரு என்ன, நடுவுலவன்னுகூடச் சொல்ல மாட்டேன்."

சொன்னபடியே செய்தார். அக்கா வாராவாரம் காய்கறிப் பையோடு போவார். அம்மா, தன்னோடு இருந்த சின்னவனைப் பார்த்து, "வந்தவங்களுக்குக் காப்பி வேணுமான்னு கேளு" என்பார். தம்பி நடுவில் நின்று மொழிபெயர்ப்பாளர் உத்தியோகம் பார்ப்பான். "வந்தவங்க இளைச்சுப் போயிட்டாங்க, வேளைக்குச் சாப்பிடச் சொல்லு." அக்காவுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. அம்மாவின் கோபம் தானாக ஆறும் என்று விட்டுப் பிடித்தார்.

ஆனால் ஒருநாள் காலையில் கொஞ்சம் சீக்கிரமே போய்விட்டார். கதவு திறந்திருந்தது. தம்பி குளித்துக்கொண்டிருந்தான். சமையலறையில் அம்மாவின் குரல். பையைக் கையில் பிடித்தபடி கூடத்தில் நின்று கேட்டார். பெரியவனைச் சொன்னார் அம்மா. அவன் மனைவியை, பிள்ளைகளைச் சொன்னார். அடுத்து, சின்னவன். அவனுடைய வண்டி. அவ்வளவுதான். சாமி அலமாரியின் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

அக்கா பையை அங்கேயே வைத்துவிட்டு மாடிப்படியில் இறங்கி வந்துவிட்டார்.

"என்கிட்டப் பேசலைன்னா போகட்டும். ஊருல யார்கிட்ட வேணா என்னைப் பத்தி வாயைத் தொறக்காம இருக்கட்டும். சாமிகிட்டக்கூடவா என்னை விட்டுடுவாங்க?" அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒரே ஒருமுறை இதைச் சொல்லி அழுதிருக்கிறார். அதற்குப் பிறகு அக்கா சாமி கும்பிடுவதையே நிறுத்திக்கொண்டார். பெற்றவளே பேரை அடித்துவிட்ட பிறகு தான் போய் எந்த வரிசையில் நிற்பது என்று கேட்பார். வாராவாரம் போய்க்கொண்டுதான் இருந்தார், ஆனால் அம்மாவிடம் இதைக் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயம்.

அப்படியே இருக்கும்போது அம்மா போய்விட்டார். தூக்கத்திலேயே போனார், யாருக்கும் தொந்தரவில்லாமல். அக்கா எல்லா வேலையையும் ஓடி ஓடிச் செய்தார், சுத்தமாக அழவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று சொந்தக்காரர்கள் காதைக் கடித்துக்கொண்டார்கள்.

பெரியவன் வெளியூரில் குடும்பத்தோடு இருக்கிறான். தம்பிக்கும் மாற்றல் வந்துவிட்டது. வீட்டை வாடகைக்கு விடலாம் என்று பேசி முடித்து, சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு தம்பி போனான். சாவி அலுவலகத்துக்கு வந்தது. அக்கா தொடவில்லை. வேறு யாரையாவது அனுப்பச் சொன்னார். கூட இருந்த பெண்ணுக்குக் காய்ச்சல், இன்னொருவர் விடுப்பு. அன்று சாயங்காலம் ஒரு குடும்பம் பார்க்க வருகிறது. "உங்க வீட்டை நீங்க காட்டாம வேற யாரு காட்டறது? இதையாச்சும் நல்லாயிருக்குன்னு சொல்லுங்க" என்று முதலாளி சாவியைக் கையில் திணித்துவிட்டார்.

கதவைத் தோளால் தள்ளினார். சமையலறைக் குழாயைத் திறந்தார். அது இருமியது. ஜன்னல்களைத் திறந்தார். எந்தக் கொக்கி எங்கே இறுகும் என்று கைக்கே தெரிந்திருந்தது. கட்டில் கிடந்த இடத்தில் நான்கு கால்களின் தடம். தையல் மிஷின் இருந்த மூலையில் எண்ணெய் சொட்டிக் கறுத்த தரை. அப்பாவின் படம் தொங்கிய இடம் மட்டும் சுவரில் பளிச்சென்று சதுரமாக இருந்தது. சுவரிலேயே பதித்த சாமி அலமாரி வாயைத் திறந்துகொண்டு வெறுமையாக நின்றது. தம்பி உள்ளே துடைத்துக்கூட வைத்திருந்தான். அக்கா அதன் பக்கம் போகவில்லை. கூடத்துக்கு வந்து கைதட்டப் போனவருக்குக் கை எழவில்லை.

சரி, கறைகளையாவது பார்ப்போம், பெயின்டருக்குச் சொல்ல வேண்டும் என்று சுவரைப் பார்த்துக்கொண்டே வந்தார். வாசல் கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கறை. ஸ்விட்ச் இல்லை, கொக்கி இல்லை, அங்கே யாரும் கை வைக்கக் காரணமே இல்லாத இடம். கண்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு முழு உள்ளங்கை. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு நாள் இரண்டு நாளில் விழுகிற கறையில்லை, தினமும் அதே இடத்தில் வைத்து வைத்துச் சுவர் மெழுகேறியிருந்தது. அக்கா தம்பிக்குப் போன் போட்டார்.

"வாசல் கதவுகிட்ட சுவத்துல கைத்தடம் இருக்கே, யாருடையதுடா?"

"அதுவா? அம்மாவோடதுதான்க்கா. காலைல சாமி கும்பிட்டுட்டு வந்து அங்கதான் நிப்பாங்க. நான் குளிக்கப் போறப்ப பாப்பேன், முட்டி வலிக்குப் புடிச்சுக்கறாங்கன்னு நெனப்பேன். ஏன், வெள்ளையடிச்சா போகாதா?"

அக்காவுக்குச் சமாதானமாகவில்லை. முட்டி வலிக்குப் பிடித்தால் கறை கீழ்நோக்கி இழுத்துக்கொண்டு போயிருக்கும். இது தள்ளாடாமல் நின்று நீட்டி வைத்த கை.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற மாமா எட்டிப் பார்த்தார். அக்காவைப் பாவாடை கட்டின காலத்திலிருந்து பார்த்தவர். அம்மா போனபோது தன் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் வர முடியாமல் போனவர்.

"குழாய் சத்தம் கேட்டுச்சு, யாரோன்னு பாத்தேன். நீதானாம்மா? அங்க என்ன சுவத்தையே பாத்துட்டு நிக்கற?"

"இந்தக் கறை மாமா. அம்மா கை."

மாமா வந்து பக்கத்தில் நின்றார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார். பிறகு சிரித்தார்.

"இதுக்கு ரூட்டு போட்டுக் குடுத்தவனே நான்தானே."

"என்ன ரூட்டு?"

"நீ அந்தக் கோடில குடி போனதும் ஒருநாள் உங்கம்மா என்னைக் கூப்பிட்டு, பாலத்தைத் தாண்டி மார்க்கெட் தாண்டிப் போனா ஒரு டெப்போ வருமே, அது இங்கேருந்து எந்தப் பக்கம்னு கேட்டாங்க. ஊரையே பஸ்ஸுல சுத்தினவன் நான், எனக்குத் தெரியாதா? நேரா இந்தச் சுவர் பக்கம்தான்னு காட்டினேன். அன்னைலேருந்து தெனமும் உள்ள கும்பிட்டு முடிச்சதும் இங்க வந்துடுவாங்க. சுவத்துல கையை வெச்சுக்கிட்டு இன்னொரு தரம் ஆரம்பிப்பாங்க."

மாமா, தன் பழைய தொழிலுக்கே உரிய உரத்த குரலில், அம்மாவைப் போலவே இழுத்துச் சொல்லிக் காட்டினார்.

"'இந்தா பாரு, அந்தப் பக்கத்துல ஒருத்தி இருக்கா. பேரு சொல்ல மாட்டேன். யாருன்னு உனக்குத் தெரியும். தனியாக் கெடக்கறா. ஊரு வீட்டையெல்லாம் பூட்டறா, அவ கதவைச் சரியாத் தாப்பாப் போடறாளான்னு பாத்துக்கோ.' நான் பால் பாக்கெட் எடுக்க வர்ற நேரம். கேட்டுக்கிட்டே நின்னுடுவேன், உள்ள எங்க வீட்ல சத்தம் போடுவாங்க. உள்ள மூணு வார்த்தைன்னா இங்க முப்பது வார்த்தை. நீ இருமினது, நீ இளைச்சது, எல்லாம் வரும்."

"உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா மாமா?"

"ஒருநாள் நானே கேட்டேன். ஏங்க, பேரைச் சொல்லித்தான் வேண்டிக்கிடுங்களேன், சாமிக்குக் குழப்பம் வரப்போவுதுன்னு. அதுக்கு ஒரே போடு. 'பேரு சொல்ல மாட்டேன்னுதான் சொன்னேன். கை காட்ட மாட்டேன்னு சொல்லலையே'ன்னாங்க." மாமா கண்ணாடியை இறக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தார். "ஏம்மா, உனக்கு இது தெரியாதா? நீதான் வாரம் தவறாம வருவியே. தெரியும்னுல்ல நெனச்சேன்."

அக்காவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வாசப்படிக்கு வெளியே நாற்காலி போட்டுக் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர், சாமியிடமும் அதே வித்தையைக் காட்டியிருக்கிறார். சிரிப்பு பாதியில் அழுகையாகி, அழுகை மறுபடி சிரிப்பாகி, இன்னதென்று பிரிக்க முடியாமல் அவர் வெறுந்தரையில் உட்கார்ந்துவிட்டார். அன்று காலையில் அவசரப்பட்டு இறங்கி வந்த படிக்கட்டு நினைவுக்கு வந்தது. அம்மாவுக்கு முட்டி வலி, சமையலறையிலிருந்து கூடத்துக்கு வர நேரமாகும். தான் கீழே தெருவில் கண்ணைத் துடைத்துக்கொண்டு நடந்தபோது, மேலே இந்தச் சுவரில் கை வைத்துக்கொண்டு அம்மா தன்னைப் பற்றித்தான் பேசியிருப்பார். இன்னும் கொஞ்சம் நின்றிருந்தால் காதால் கேட்டிருக்கலாம். அது போகட்டும். சொன்னாரே, தினம் சொன்னாரே, அது போதும். இத்தனை காலம் நெஞ்சில் சுமந்து திரிந்த மூட்டையை யாரோ கை கொடுத்து இறக்கி வைத்த மாதிரி இருந்தது. மூச்சு அடிவயிறு வரைக்கும் போய் வந்தது.

மாமா பயந்துபோய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். குடித்துவிட்டு, முகத்தையும் அதிலேயே கழுவிக்கொண்டார் அக்கா.

"இப்ப வீடு பாக்க ஆளுங்க வருவாங்க மாமா. எதிர் வீட்ல நல்ல மனுஷன் இருக்காருன்னு சொல்லிடறேன்."

"சொல்லு சொல்லு. காது கொஞ்சம் கூர்மைன்னும் சொல்லிடு, பின்னால சண்டைக்கு வரப்போறாங்க."

மாமா போய்த் தன் கதவைச் சாத்தியதும் வீடு அமைதியானது. காலி வீடுதான், ஆனாலும் அக்காவுக்கு அப்போது அது காலியாகத் தெரியவில்லை. கீழே தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது. பார்க்க வருகிறவர்களாக இருக்கும். அவர்கள் மேலே வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அவசரமாக எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, கூடத்தின் நடுவில் நின்று கண்ணை மூடினார். எவ்வளவோ நாள் கழித்து நிற்கிறார், தொடக்கத்தில் சொற்கள் தடுமாறின. பெரியவனைச் சொன்னார், அவனுடைய மூச்சிரைப்பைச் சொன்னார். நடுவுலவள் என்று தன்னையும் தன் இடத்தில் சேர்த்துக்கொண்டார். சின்னவனையும் அவன் வண்டியையும் சொன்னார். கடைசியாக, பிள்ளைகள் வாயால் சொல்லக் கூசுகிற அம்மாவின் பெயரை, முழுப் பெயராக, சத்தமாகவே சொன்னார்.

"பேரு நான் சொல்லிட்டேன்" என்றார் பிறகு. "எந்தப் பக்கம்னு உனக்குத்தான் தெரியும்."

படியில் செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. அக்கா வலது கையை நீட்டி, உள்ளங்கையை விரித்து, நின்ற இடத்திலேயே மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார்.